மூட்டம் போட்ட அறை

வாழைக்காய் தானாகவே பழுத்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு தாரை வாங்கி வீட்டு மூலையில் சாய்த்துவைத்துப் பார்க்க வேண்டும். மேல்சீப்பு கறுத்து உதிரத் தொடங்கியிருக்கும்; கடைசிச் சீப்பு கல்லாகவே இருக்கும். ஒரு குடும்பத்துக்கு அது போதும். பழுத்ததைப் பார்த்துப் பார்த்துப் பறித்துத் தின்னலாம். தள்ளுவண்டிக்காரனுக்கு அது ஆகாது. அவனுக்கு வண்டி முழுக்க ஒரே மஞ்சளாக வேண்டும், அதுவும் அவன் கேட்ட காலையில் வேண்டும். அதற்குத்தான் மூட்டம் போடுவது.

பெங்களூர் கண்டோன்மெண்டின் நடுவில் இருந்த கல் மார்க்கெட்டில் கோவிந்தப்பாவும் அவர் மனைவி தனக்கோடியும் செய்துவந்தது அந்த வேலை. மேல்தளத்தில் கறி, காய், பூ. படியிறங்கினால் கீழ்ச்சால் என்று ஒரு நீள நடை. அங்கே வெங்காயக் கடை, சாக்குக் கடை, லாயிட் என்கிற லிங்கராஜபுரத்துக்காரனின் முட்டைக் கடை. அவனுக்கு நேர் எதிரே இவர்களுடைய அறை. ஜன்னல் கிடையாது. சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனமுள்ள கல். வெளியே வெயில் காய்ந்தாலும் சாரல் அடித்தாலும் உள்ளே ஒரே மாதிரிக் குளிர்ச்சி. வேறு எந்த வியாபாரத்துக்கும் லாயக்கில்லாத இடம் என்று கோவிந்தப்பாவின் அப்பாவுக்கு அந்தக் காலத்தில் தள்ளிவிட்டிருந்தார்கள். வாழைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்று அவர் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார்.

கனகபுரா பக்கத்து ஏலக்கி வாழையும் ஓசூர்ப் பக்கத்துப் பச்சை வாழையும் லாரியில் மண்டிக்கு வரும். கோவிந்தப்பா விடிந்ததும் மண்டிக்குப் போய் தார் பொறுக்கி, லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றிவருவார். தனக்கோடி அவற்றை அறைக்குள் நெருக்கமாக நிற்க வைத்து, மேலே வாழைச்சருகு போர்த்துவாள். நடுவில் ஒரு மண்சட்டியில் வைக்கோலும் வறட்டியும் போட்டு நெருப்பு வைப்பார்கள். கொழுந்துவிட்டு எரியக்கூடாது, கனிய வேண்டும். புகை திரண்டதும் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்து, மேலே செம்மண் பூசி அடைத்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு நடப்பது கண்ணுக்குத் தெரியாது. புகைச்சூட்டில் முதலில் சில காய்கள் எழும்பும். எழும்பிய காய் ஒரு மூச்சு விடும். அந்த மூச்சு பட்டுப் பக்கத்துக் காய் எழும்பும். அதன் மூச்சில் அடுத்தது. இப்படி அறை முழுக்க ஒன்றையொன்று தொட்டு எழுப்பிக்கொண்டு போகும். எல்லாம் எழும்பியபின் கதவைத் திறந்து காற்றாட விட்டால், பச்சையாக நிற்கிற தார்கள் அடுத்தடுத்த நாளில் ஒன்றுபோல நிறம் ஏறும். நடுவில் திறந்தால் மூச்சு வெளியே போய்விடும். எழும்பியது பாதியில் நிற்கும், எழும்பாதது எழும்பவே எழும்பாது. மறுபடி புகை போட்டாலும் தோல் கறுக்குமே தவிர உள்ளே பழுக்காது. அது பிறகு காயும் இல்லை, பழமும் இல்லை; மிரண்ட காய் என்பார்கள். வறுவல்காரன் தொடமாட்டான். பொரியலுக்கும் ஆகாது, புகை நாறும்.

இதெல்லாம் கீழ்ச்சாலில் எல்லோருக்கும் தெரியும். மண் பூசிய கதவை யாரும் தட்டக்கூட மாட்டார்கள். லாயிட் அந்தப் பக்கமாகப் போகும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வான். "புள்ள தூங்குது" என்பான்.

மார்க்கெட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு பல வருஷமாக இருந்ததுதான். அந்த ஆடி மாதம் அது நிஜமாயிற்று. பூமிக்குக் கீழே இரண்டு தளம் கார் நிறுத்த, மேலே கண்ணாடிக் கடைகள், அதற்கும் மேலே சினிமாவும் சாப்பாடும். படத்தைப் பெரிய பேனரில் அச்சடித்து வாசலில் கட்டியிருந்தார்கள். அதில் வெள்ளைக்காரர் மாதிரி இருந்த ஜனங்கள் பை பையாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இருக்கிற கடைக்காரர்களைக் கைவிட மாட்டோம் என்றும் சொல்லியிருந்தார்கள். ஓடுகிற கடைக்குப் புதுக் கட்டடத்தில் இடம் உண்டு, கட்டி முடிகிறவரை பக்கத்து மைதானத்தில் தகர ஷெட் உண்டு. மூடிக்கிடக்கிற கடைக்கு இரண்டும் இல்லை. எது ஓடுகிறது, எது மூடிக்கிடக்கிறது என்று பார்த்துக் கதவில் பெயிண்ட் அடிக்க சேஷகிரி என்ற ஆபீஸர் வந்தார். ஓடினால் மஞ்சளில் நம்பர். மூடியிருந்தால் சிவப்பில் பெருக்கல் குறி.

அவர் கீழ்ச்சாலுக்கு இறங்கியது வரமகாலட்சுமிப் பண்டிகைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. பெங்களூரில் அந்த வெள்ளிக்கிழமைக்கு வாழைப்பழம் இல்லாத வீடு கிடையாது. அறையில் காலை நுழைக்க இடமில்லாமல் ஏலக்கி நின்றது. முந்தின நாள்தான் மண் பூசியிருந்தார்கள். கோவிந்தப்பா மண்டிக்குப் போயிருந்தார். தனக்கோடி கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, சீப்புக் கட்ட வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தாள்.

சேஷகிரி முழங்கால் வலிக்காரர். படியிறங்கியதில் முகம் சுருங்கியிருந்தது. கதவைத் திறக்கச் சொல்லிக் கன்னடத்தில் கேட்டார். அவள் எழுந்து நின்று, கன்னடத்திலேயே, முடியாது என்றாள். உள்ளே மூட்டம் இருக்கிறது, நாளை மறுநாள் வாருங்கள், அறை நிறையப் பழம் காட்டுகிறேன் என்றாள். அவர் மண் பூசிய கதவைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது பல வருஷமாக அடைத்துக்கிடக்கும் பாழறையின் கதவு. லாயிட் எதிர்க்கடையிலிருந்து சாட்சி சொன்னான். சேஷகிரி அவனைக் கண்டுகொள்ளவில்லை. பெயிண்ட் டப்பாவோடு வந்தவனைப் பார்த்துத் தலையாட்டினார். அவன் சிவப்பைத் தொட்டு ஒரு பெருக்கல் குறி போட்டான்.

தனக்கோடி அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவன், கடை பூட்டியிருந்தால் சாக்பீஸில் இப்படித்தான் பெருக்கல் போட்டுவிட்டுப் போவான், மறுநாள் வருவான். இதுவும் அப்படித்தான், மறுபடி வருகிறேன் என்பதற்கு அடையாளம் என்று நினைத்தாள். பெயிண்ட் காய்வதற்குள் யாரும் கை வைக்காமல் இருக்கட்டும் என்று முக்காலியைக்கூடத் தள்ளிப்போட்டாள்.

பண்டிகை நன்றாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் அறை காலி. சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று அடுத்த வாரம் லாயிட்தான் வந்து சொன்னான்.

ஜோகுபாளையத்தில் அவர்கள் வீடு ஒற்றை அறையும் அடுப்படியும். அன்று சாயங்காலம் தனக்கோடி களி கிண்டிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். கோவிந்தப்பா உருண்டையைக் குழம்பில் தோய்த்தார், வாயில் வைக்கவில்லை.

"தொறந்து காட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார்.

"தொறந்திருந்தா பண்டிகைக்கு உன் தலையவா வித்திருப்ப?"

"ஒரு ரூம் தாரு போயிருக்கும். அவ்ளோதான். இப்ப ரூமே பூடுச்சி."

"வெள்ளிக்கெழம அன்னிக்கு நீதான்யா சிரிச்சிகினு வந்த. தனம், ஒரு காயி கூட மெரளலன்னு சொல்லிகினு வந்த. அப்ப மட்டும் நான் தொறக்காதது நல்லா இருந்திச்சா?"

அவர்கள் மகள் வீணா பிரிகேட் ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "மார்க்கெட்டே போவுது, நீங்க ரெண்டு பேரும் கதவுக்கு சண்ட போடறீங்க. பேஜாரு."

கோவிந்தப்பா சண்டைக்காரர் இல்லை. அதுதான் கஷ்டம். கத்தித் தீர்த்திருந்தால் ஒரு வாரத்தில் ஓய்ந்திருக்கும். அவர் ஒவ்வொரு முறையும் மண் குழைக்கும்போது கையை நிறுத்தி அந்தச் சிவப்பைப் பார்ப்பார், பிறகு பூசுவார். ஒன்றும் சொல்லமாட்டார். தார் இறக்கும்போது, டீ குடிக்கும்போது, லாயிட்டிடம் பேசும்போதுகூட அந்த ஒன்றும் சொல்லாதது கூடவே இருந்தது. தனக்கோடிக்குத் தான் செய்தது தப்பில்லை என்று தெரியும். இன்னொரு முறை அதே செவ்வாய்க்கிழமை வந்தாலும் திறந்திருக்க மாட்டாள். ஆனாலும் மாதக்கணக்கில் ஒரு மனுஷன் அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால், தெரிந்த விஷயமும் லேசாக ஆடத்தான் செய்யும்.

இருவரும் ஆபீஸுக்கு நடந்தார்கள். சேஷகிரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். அவர்களிடம் வெளுத்துப்போன பழைய ரசீதெல்லாம் இருந்தது. அறை உங்களுடையதுதான், அதில் சந்தேகமில்லை, அது ஓடுகிறதா என்பதுதான் கேள்வி என்றார். எத்தனையோ தடவை போன பிறகு, கார்த்திகை பிறந்ததும் ஒரே ஒரு முறை வந்து பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை. அன்றைக்குப் பழத்தைக் கண்ணால் பார்த்தால் மஞ்சள் அடித்துவிடலாம்.

அந்த வெள்ளிக்கிழமையை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். வெறும் அறையைக் காட்டினால் பாழறை என்பார். புகை படிந்த கறுப்புச் சுவர் மட்டும் இருக்கும். மண் பூசிய கதவைக் காட்டினால் பழைய கதைதான். கதவு திறந்திருந்து, உள்ளே மஞ்சள் ஏறிய தார்கள் நிற்க வேண்டும். அப்படி நிற்பது சுற்றுக்கு ஒரு நாள்தான். மறுநாள் வண்டிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். குளிரும் வந்துவிட்டது. விட்டுவிட்டுத் தூறல். குளிரில் காய் சீக்கிரம் எழும்பாது, மூட்டம் கூடுதலாக ஒரு நாள் நிற்க வேண்டும். எல்லாம் பார்த்துத் திங்கட்கிழமை சாயங்காலம் அடைத்தார்கள். புதன் இரவு திறந்தால் வெள்ளி காலை நிறம் வந்துவிடும். அய்யப்ப மாலை போட்டவர்கள் காலம், பழத்துக்கும் கிராக்கி. கோவிந்தப்பா இருப்பதிலேயே நல்ல தாராக எடுத்திருந்தார். அன்று மண் பூசும்போது அவர் சிவப்பைப் பார்க்கவில்லை. தனக்கோடி அதைக் கவனித்தாள்.

புதன் காலை அவர் மண்டிக்குப் போயிருந்தார். மேலே கறிக்கடை வரிசையைச் சுற்றித் தகரத் தடுப்பு நட்டுக்கொண்டிருந்த சத்தம் கீழ்ச்சால் வரை கேட்டது. லாயிட் விரிசல் விட்ட முட்டைகளை உடைத்து ஆம்லெட் போட்டு, பாதியை இலையில் வைத்து தனக்கோடிக்குக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் ஷட்டரில் மஞ்சள் நம்பர் பளிச்சென்று இருந்தது.

"மால்ல முட்ட எப்டி விப்ப?" என்று கேட்டாள்.

"ஏசி போட்டு அக்கா. முட்டைக்கு ஒரு கோட்டு, எனக்கு ஒரு கோட்டு."

"உன்ன உள்ள விடுவானுங்களா மொதல்ல?"

"நம்பரு குடுத்துக்கீறாங்களே. வாட்ச்மேன் கையில காட்டுவேன்."

அப்போதுதான் படியில் காலடி கேட்டது. சேஷகிரி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். பின்னால் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவன், கட்டுகிற கம்பெனியின் ஆள். அதற்குப் பின்னால் பெயிண்ட் டப்பா.

தனக்கோடி இலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "சார், வெள்ளிக்கெழமன்னீங்க."

"கொத்தம்மா, கொத்து" என்றார் அவர். தெரியும் என்பதைக் கன்னடத்தில் சொன்னவர் பிறகு அவருடைய கோணல் தமிழுக்கு வந்தார். "நான் இன்னா பண்றது? எல்லாம் இவத்தே, இன்னைக்கே முடிக்கணும்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்க. நாளைக்கு இவங்க கைக்கு மார்க்கெட் போவுது. இன்னைக்கு பாத்தா பாத்ததுதான்."

"ராத்திரி தொறந்துடுவோம் சார். நாளைக்குக் காலையில வாங்க, ஸ்வல்ப தயவு பண்ணுங்க."

"நாளைக்கு நான் வர முடியாது. நீ இப்போ தெறந்தா நான் இப்போ பாக்கறேன்."

அவள் புருஷனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மண்டி இரைச்சலில் அவருக்கு என்றைக்குத்தான் கேட்டது? மறுபடியும் போட்டாள். ஹெல்மெட்காரன் நடையின் அகலத்தை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான். பெயிண்ட்காரன் மூடியைத் திறந்துவிட்டான். மஞ்சள்தான் கையில் வைத்திருந்தான்.

லாயிட் கிட்டே வந்தான். "தொறந்துடு அக்கா" என்றான். "ஒரு ரூமு தாரு. போனா போவுது."

கோவிந்தப்பா களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன அதே வார்த்தைகள். அவர் இங்கே நின்றிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் மண் பூசும் கரணையை எடுத்துக் கதவு இடுக்கில் குத்தினாள். மண் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. சாக்கைப் பிடுங்கினாள். மூட்டம் முடியாமல் அறையைத் திறப்பது அவள் கைக்குப் புதிது. தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் தடவினாள்.

புகை கதவளவுக்கு மொத்தமாக வெளியே வந்து நடையை அடைத்தது. சேஷகிரி இருமிக்கொண்டே பின்னால் போய் முட்டை அடுக்கில் இடித்துக்கொண்டார். ஹெல்மெட்காரன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எட்டிப்பார்த்தான். புகை கொஞ்சம் அடங்கியதும் உள்ளே நடுவில் சட்டி தெரிந்தது, அதில் சிவந்த கங்கு. அவன் அலறவில்லை. முட்டை கழுவ லாயிட் வைத்திருந்த வாளியைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டெட்டு உள்ளே போய், அப்படியே சட்டியில் கவிழ்த்தான். சுரீர் என்றது. தண்ணீர் சாம்பலோடு தார்களின் அடியில் ஓடியது. சட்டியை நடைக்கு இழுத்துவந்து வைத்தான்.

"பேஸ்மெண்ட்ல நெருப்பு" என்று ஹெல்மெட்காரன் சேஷகிரியிடம் சொன்னான். "சார், இது ஷாப் இல்ல."

சேஷகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். வரிசை வரிசையாகத் தார்கள், அத்தனையும் பச்சை.

"பழம் எங்கம்மா?"

"வெள்ளிக்கெழம வரும் சார். நீங்கதான வெள்ளிக்கெழமன்னீங்க."

சேஷகிரி செல்போன் வெளிச்சத்தை அணைத்தார். அவர் சொன்னதுதான்; அதை அவர் இல்லையென்று சொல்லவில்லை.

"ஓடுது சார். பாருங்க, ஓடுதில்ல? காயி இருக்கு, பொக இருக்கு. பாழ்ரூமுல எவனாவது நெருப்பு வெப்பானா?"

"ஓடுதும்மா. நான் இல்லன்னு சொல்லல" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "ஆனா இது அங்கடி இல்ல, கோடவுன். சாமான் வெச்சிருக்க எடம். கோடவுனுக்கு இந்த ஸ்கீம்ல ஜாகா இல்ல. இருந்தாலும் நெருப்பு வெக்கற வேலைய புதுசுல விடமாட்டாங்க. அன்னைக்கே நான் உள்ள பாத்திருந்தாலும் இதேதான் எழுதியிருப்பேன்."

தனக்கோடி அதை முதலில் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. "அன்னைக்கே தொறந்திருந்தாலுமா?" என்று கேட்டாள்.

"அன்னைக்கே தெறந்திருந்தாலும்."

இங்கேதான் விற்கிறோம், வண்டிக்காரர்கள் இந்த வாசலில்தான் வாங்கிப்போகிறார்கள் என்று லாயிட் குறுக்கே பேசினான். சேஷகிரி கேட்டுக்கொண்டார். பெயிண்ட்காரன் டப்பாவை மூடினான். சிவப்பு ஏற்கெனவே இருந்ததால் அவனுக்கு இங்கே வேலை இல்லை. அவர்கள் படியேறிப் போனார்கள். சேஷகிரியின் கால்தான் கடைசியாக மறைந்தது, மெள்ள மெள்ள.

லாயிட் உடைந்த முட்டைகளைத் துடைக்கத் துணி எடுத்தான். அவன் கடையில் ஓரமாக ஒரு கயிறு கட்டித் தருகிறேன், ஷெட்டுக்குப் போனபிறகு நாலு சீப்பு தொங்கவிட்டுக்கொள்ளலாம் என்றான். தனக்கோடி தலையாட்டினாள். நாலு சீப்புக்கு எதற்கு ஒரு அறையும் ஒரு புருஷனும் ஒரு பெண்டாட்டியும் என்று அவனுக்கும் தெரியும்.

கோவிந்தப்பா வந்தபோது மதியம் ஆகிவிட்டது. இரண்டு தாரைத் தோளிலும் கையிலுமாக எடுத்துக்கொண்டு படியிறங்கியவர், பாதிப் படியிலேயே வாசனையைப் பிடித்துவிட்டார். நின்றார். பிறகு இறங்கிவந்தார். திறந்த கதவு, பெயர்ந்த மண், நடையில் தண்ணீரும் கரியுமாகக் கிடந்த சட்டி. தாரை இறக்கி வைத்தார்.

தனக்கோடி நடந்ததைச் சொன்னாள். முழுக்கச் சொன்னாள். சேஷகிரி கடைசியாகச் சொன்னதையும், அன்றைக்கே திறந்திருந்தாலும் இதேதான் என்பதையும். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை மாதமாக அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் காத்திருந்த மாதிரி இருந்தது. இப்போது அது கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றும் இல்லை.

"நாந்தான் உன்ன..." என்று ஆரம்பித்தார் கோவிந்தப்பா.

"வுடுயா."

அவர் உள்ளே போய் ஒரு தாரின் காயை அழுத்திப் பார்த்தார். கதவோரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, சுவரோரத்தில் ஒன்று. வெளியே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பெயர்ந்து கிடந்த மண்ணைக் கையால் கூட்டிக் குவித்தார். தண்ணீர் ஊற்ற அதன் நடுவில் குழி பறித்தார்.

"இன்னா பண்ற?"

"அடைக்கிறேன்."

"ரெண்டாந்தபா புடிக்காது. நீதான் எனக்கே சொல்லிக்குடுத்த."

"தெரியும்."

"அப்பறம் எதுக்கு?"

"தொறந்து கெடக்குதே" என்றார். "எப்டி பாத்துகினு ஒக்காற்றது?"

மேலே தகரம் அடிக்கும் சத்தம் நின்று நின்று கேட்டது. தனக்கோடி லாயிட்டின் குழாயில் சொம்பை நிரப்பிக் கொண்டுவந்து குழியில் ஊற்றினாள். மண் குழைந்தது. அவர் கதவைச் சாத்தினார். அவள் சாக்கை நனைத்துப் பிழிந்து, எம்பி, மேல் இடுக்கில் திணித்துப் பிடித்தாள். அவர் மண்ணை அள்ளி அள்ளி அதன் மேல் அப்பினார். மேலிருந்து கீழாக, ஒரு இடுக்கு விடாமல், பண்டிகைக்கு அடைக்கிற மாதிரியே அடைத்தார்கள். விரல் தடம் தெரியாமல் அவள் உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள்.

சட்டி வெளியே நடையில்தான் இருந்தது, ஈரமாக. உள்ளே நெருப்பு வைக்கவில்லை என்று இருவருக்கும் தெரியும்.